வழுக்கலுக்கு ஓர் எண்

(வ. புதுப்பட்டியில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



புதிதாகத் தார் போட்ட ரோட்டைப் பாராட்ட நம் பக்கத்தில் ஒரே ஓர் அளவுகோல்தான் உண்டு. "வண்டி அலுங்காமப் போகுது" என்போம். பள்ளம் இல்லை, இடுப்பு வலிக்கவில்லை, ஆகவே நல்ல ரோடு. ரோடு போடுகிறவர்களும் ஏறக்குறைய இதையேதான் பார்க்கிறார்கள். மேடு பள்ளத்தை அளக்கக் கருவி பூட்டிய வண்டி வருகிறது. தார் எத்தனை மில்லிமீட்டர் கனம் என்று உருளையாகக் குடைந்து எடுத்துப் பார்க்கிறார்கள். கலவையில் தார் எத்தனை சதவீதம் என்று ஆய்வகத்தில் பிரித்துப் பார்க்கிறார்கள். அதே ரோட்டில், மழை ஈரத்தில், ஒருவர் பிரேக் பிடித்தால் டயர் நிற்குமா என்று அநேகமாக யாரும் கேட்பதில்லை. அதற்கு எண்ணாலேயே பதில் சொல்ல முடியும். அந்த எண் எங்கிருந்து வருகிறது என்பதுதான் இன்றைய பேச்சு.

மழை பெய்த மறுநாள் பேப்பரைப் பிரித்துப் பாருங்கள். பைக் நிலைதடுமாறியது, ஓட்டியவர் கீழே விழுந்தார், போலீசார் விசாரிக்கிறார்கள். நிலைதடுமாறிய இடத்தில் ரோடு எப்படி இருந்தது என்று ஒரு வரி இருக்காது. 2022-ஆம் ஆண்டில் இந்தியாவிலேயே அதிகமாகச் சாலை விபத்து பதிவான மாநிலம் தமிழ்நாடு: 64,105 விபத்துகள், 17,884 உயிர்கள். நாடு முழுவதற்குமான கணக்கில், நூறு சாவில் எழுபதுக்கு மேல் அதிவேகத்தின் தலையில் எழுதப்பட்டிருக்கிறது. வேகம் ஆளைக் கொல்லும், அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் எந்த வேகம் 'அதிவேகம்' என்பதை ஸ்பீடோமீட்டர் மட்டும் முடிவு செய்துவிட முடியாது, ரோட்டின் பிடிமானமும் சேர்ந்துதான் முடிவு செய்யும்.

ஒரு கணக்கு பார்ப்போம், இங்கே வந்திருக்கும் பிள்ளைகள் மனதிலேயே போடலாம். மணிக்கு 60 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 16.7 மீட்டர். பிரேக் பிடித்தபின் வண்டி நிற்க எடுக்கும் தூரம், வேகத்தின் வர்க்கத்தை உராய்வு எண்ணாலும் புவியீர்ப்பின் இருமடங்காலும் வகுத்தால் கிடைக்கும். நன்றாகப் பிடிக்கும் உலர்ந்த ரோட்டில் உராய்வு 0.7 என்று வையுங்கள், 20 மீட்டரில் நிற்கும். 0.35 ஆனால் 40 மீட்டர். தேய்ந்து பளபளத்த ரோடு நனைந்து 0.2-க்கு இறங்கிவிட்டால் 70 மீட்டரைத் தாண்டும். ஓட்டுகிறவர் அதே ஆள், வண்டியும் அதே வண்டி, முள்ளும் அதே அறுபதில் நிற்கிறது. மாறியது ரோடு மட்டும்தான்.

ரோட்டை வடிவமைக்கும் பொறியாளர் இதை அறியாதவர் அல்ல. இந்தியச் சாலைக் காங்கிரசின் விதிநூலில், 60 கிலோமீட்டர் வேகத்துக்கு எதிரே 80 மீட்டராவது கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று இருக்கிறது. ஓட்டுகிறவர் சுதாரிக்க இரண்டரை நொடி, அதில் வண்டி சுமார் 42 மீட்டர் ஓடிவிடும். மீதியில் பிரேக் பிடித்து நிற்க வேண்டும். அந்த மீதிக் கணக்குக்கு எடுத்துக்கொண்ட உராய்வு எண் 0.36. வளைவுகளுக்குப் பக்கவாட்டு உராய்வு 0.15 என்று எடுத்திருக்கிறார்கள். ஆக, ஒவ்வொரு ரோடும் காகிதத்திலேயே ஒரு பிடிமானத்தை வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் தரைக்கு வருகிறது. வந்தபின் அந்த வாக்கைச் சரிபார்க்கிறார்களா என்பதுதான் என் வழக்கு.

வளைவு என்று சொன்னேன், அதையும் பார்த்துவிடலாம். 60 மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவு. வெளிப்பக்கம் சற்று உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள், நூற்றுக்கு ஏழு சாய்வு. மணிக்கு 40-இல் திரும்பினால் டயரிடம் கேட்கும் உராய்வு 0.14 மட்டுமே. அதே வளைவில் 60-இல் போனால் 0.40 கேட்கும். ஒன்றரை மடங்கு வேகத்துக்குக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு பிடிமானம். அந்த இடத்தில் பயந்துபோய் பிரேக்கையும் மிதித்தால், திரும்பவும் நிற்கவும் ஒரே உராய்விலிருந்துதான் எடுக்க வேண்டும். பைக் விழுவது பெரும்பாலும் அந்தக் கணத்தில். 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட புது பைக்குகளுக்கு ஏபிஎஸ் என்ற பிரேக் அமைப்பு கட்டாயம். நல்ல விஷயம். ஆனால் ஏபிஎஸ் ரோட்டில் இருக்கும் பிடிமானத்தை வீணாக்காமல் வாங்கித் தரும், இல்லாததை உண்டாக்கித் தராது.

பிடிமானம் எங்கே இருக்கிறது? டயரின் ரப்பர் ரோட்டை இரண்டு விதமாகப் பிடிக்கிறது. முதலாவது, கல்லின் மேற்பரப்போடு ஒட்டி ஒட்டிப் பிரிவது. இரண்டாவது, ஜல்லி முனைகளின் மேல் ரப்பர் அமுங்கி மீள்வது. மீளும்போது வாங்கிய ஆற்றல் முழுவதையும் ரப்பர் திருப்பித் தருவதில்லை, ஒரு பகுதியைச் சூடாக்கிக்கொள்கிறது. அந்த இழப்புதான் வண்டியை நிறுத்த உதவுகிறது. ரோட்டின் பக்கமும் இரண்டு சொரசொரப்பு உண்டு. ஒவ்வொரு ஜல்லியின் முகத்திலும் உப்புத்தாள் போல விரலுக்குத் தட்டுப்படுவது நுண்சொரசொரப்பு, அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. ஜல்லிக்கும் ஜல்லிக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியும் இடைவெளிகள் பெருஞ்சொரசொரப்பு. தண்ணீர் வடிந்து ஓட அந்த இடைவெளி வேண்டும். வடிந்தபின்னும் கல்லின் மேல் மெல்லிய படலமாக நிற்கும் ஈரத்தைக் குத்திக் கிழித்து ரப்பரைத் தொட, நுண்சொரசொரப்பு வேண்டும்.

டயர் தண்ணீரில் மிதந்து வழுக்கிவிட்டது என்று பலர் சொல்வார்கள். மிதப்பதற்கு ஒரு வேகம் தேவை. அமெரிக்க விண்வெளி ஆய்வு நிறுவனமான நாசாவில், விமானச் சக்கரங்களுக்காகக் கண்டுபிடித்த வாய்பாடு ஒன்று இருக்கிறது. அதன்படி 30 பவுண்டு காற்றடித்த கார் டயர், தேங்கிய நீரில் முழுதாக மிதக்க மணிக்கு 90 கிலோமீட்டர் வேண்டும். நூறு பவுண்டு காற்றுள்ள லாரிக்கு 160-க்கும் மேல். நம் வத்திராயிருப்பு ரோட்டில் அந்த வேகத்துக்கு இடம் ஏது? நம் ஊர்களில் ஆளைச் சாய்ப்பது வெள்ளம் அல்ல. தூறலில் உண்டாகும் மெல்லிய படலம்தான். மாதக்கணக்கில் உதிர்ந்த டயர்த் தூளும் எண்ணெய்ச் சொட்டும் புழுதியும் முதல் மழையில் குழம்பி அந்தப் படலத்தை இன்னும் மோசமாக்கும். நாலு நாள் நன்றாகக் கொட்டிவிட்டால் ரோடு கழுவப்பட்டு, பிடிமானம் ஓரளவு திரும்பும். அதனால்தான் அடைமழையைவிட முதல் தூறலுக்கு நான் அதிகம் பயப்படுவேன்.

இனி கருவிக்கு வருகிறேன். உலகம் முழுவதும் இதற்கென்று அதிகம் புழங்கும் எளிய கருவி ஓர் ஊசல். பெர்சி சிக்ளர் என்பவர் 1940-களில் அமெரிக்கத் தேசியத் தர நிர்ணயக் கூடத்தில் இதன் மூதாதையை உருவாக்கினார். அவர் செய்தது ரோட்டுக்காக அல்ல, கட்டடங்களுக்குள் மனிதர்கள் வழுக்கி விழும் தரைகளுக்காக. பின்னால் இங்கிலாந்தின் சாலை ஆராய்ச்சிக் கூடம் அதை ரோட்டுக்கு ஏற்றபடி திருத்தியது. அதனால் இன்று அதற்குப் பெயர் பிரிட்டிஷ் ஊசல். இந்திய ஆய்வகங்களிலும் இதே ஊசலைத்தான் காண்பீர்கள். மின்சாரமோ கணினியோ தேவையில்லை. மூன்று கால், ஒரு மட்டக் குமிழி, ஒரு கை, ஒரு முள், ஓர் அளவுத் தகடு, அவ்வளவுதான்.

கையும் அதன் நுனியில் உள்ள பாதமும் சேர்ந்து ஒன்றரை கிலோ எடை இருக்கும். பாதத்தின் அடியில் மூன்று அங்குல அகலத்தில் ரப்பர்ப் பட்டை. முதலில் கருவியை மட்டம் பார்த்து நிறுத்த வேண்டும். பிறகு காற்றில் ஒருமுறை வீசிவிட்டு, முள் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். பின்பு கையைத் தாழ்த்தி, ரப்பர் ரோட்டில் உரசும் நீளத்தைச் சரியாக்க வேண்டும். அது சுமார் 126 மில்லிமீட்டர், ஒரு சாண் கூட இல்லை. ஒரு மில்லிமீட்டர் இரண்டு மில்லிமீட்டர் தவறினாலும் எண் மாறிவிடும். ரோட்டை நன்றாக நனைத்துவிட்டு ஊசலை விடுவித்தால், ரப்பர் ரோட்டை உரசிவிட்டு மறுபக்கம் ஏறும். பிடிமானம் அதிகமென்றால் உரசலில் ஆற்றல் தீர்ந்து, கை கொஞ்சமாக ஏறும். ரோடு வழுக்கினால் உயர ஏறும். கையோடு போன முள் உச்சியில் தங்கிவிடும். திரும்பி வரும் கையை ரப்பர் மறுபடி ரோட்டில் படாதபடி கையால் பிடித்துக்கொள்ள வேண்டும். இதற்குப் பழகிய ஆள் தேவை, பழகாதவருக்கு முழங்கையில் ஓர் அடியாவது கிடைக்கும். முதல் வீச்சை விட்டுவிட்டு, ஒவ்வொரு வீச்சுக்கும் மறுபடி நனைத்து, அடுத்து வரும் வீச்சுகளின் சராசரியை எழுதுவார்கள்.

கிடைக்கும் எண்ணை நூறால் வகுத்தால் தோராயமாக உராய்வு எண் வந்துவிடும். 1969-இல் வெளியான பிரிட்டிஷ் வழிகாட்டியில் ஓர் எல்லை வகுத்தார்கள். கூர்மையான வளைவு, செங்குத்தான சரிவு, சிக்னலுக்கு முன்பு, ரவுண்டானா போன்ற சிக்கலான இடங்களில் 65-க்குக் குறையக் கூடாது. நெடுஞ்சாலை, நெரிசலான நகரச் சாலை என்றால் 55. மற்ற இடங்களில் 45. ஒரே ரோட்டுக்கு ஒரே எண் என்று வைக்காமல், எங்கே பிரேக் தேவையோ அங்கே அதிகம் கேட்டார்கள். இந்தத் தொழிலில் எனக்குப் பிடித்த யோசனை இதுதான். நேர் ரோட்டில் பிடிமானம் குறைந்தால் பிழைத்துக்கொள்ளலாம், பள்ளிக்கூடத்துக்கு முன்னால் குறைந்தால் முடியாது.

இன்னொரு விஷயம், நம் வெயில். ரப்பர் சூடாக இருந்தால் அளவு குறைவாகக் காட்டும். ஆகவே 20 டிகிரியை அடிப்படையாக வைத்து, சூட்டுக்கேற்பச் சில எண்களைக் கூட்டவோ கழிக்கவோ செய்கிறார்கள். ஐரோப்பிய அட்டவணை 40 டிகிரியோடு நின்றுவிடும். சித்திரை மதியத்தில் நம் தார் ரோட்டில் வெறுங்காலை வைத்தவர்களுக்குத் தெரியும், அந்த அட்டவணை இங்கே எத்தனை மணி வரை செல்லுபடியாகும் என்று. விடிகாலையில் அளப்பதுதான் நமக்கு ஏற்றது.

ஊசல் ஒரு சாணுக்கும் குறைவான இடத்தைத்தான் சொல்லும். பல கிலோமீட்டர் ரோட்டை ஓடிக்கொண்டே அளக்க வேறு வழி வேண்டும். 1930-களிலேயே இங்கிலாந்தில் பக்கப் பெட்டி வைத்த மோட்டார் சைக்கிளை எடுத்து, பெட்டியின் சக்கரத்தைச் சற்றுக் கோணலாகத் திருப்பி வைத்து ஓட்டினார்கள். போகும் திசைக்குக் கோணலாக உருளும் சக்கரத்தை ரோடு பக்கவாட்டில் தள்ளும். எவ்வளவு தள்ளுகிறதோ அவ்வளவு பிடிமானம். திருவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேருக்குச் சறுக்குக்கட்டை போடுகிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கட்டையை எந்தச் சாய்வில் சொருகினால் சக்கரம் எந்தப் பக்கம் தள்ளப்படும் என்று அவர்களுக்குக் கை தெரியும். அந்த மோட்டார் சைக்கிளின் வாரிசாக வந்த லாரிக்கு ஸ்கிரிம் என்று பெயர். வயிற்றில் தண்ணீர்த் தொட்டி, சக்கரத்துக்கு முன்னால் பீய்ச்சும் குழாய், 20 டிகிரி கோணத்தில் வழுவழுப்பான ஒரு சோதனை டயர். மற்ற வண்டிகளோடு சேர்ந்து ஓடிக்கொண்டே அளந்துவிடும். 1988 முதல் பிரிட்டனின் பிரதான சாலைகளுக்கு இந்த அளவு முறைப்படி எடுக்கப்படுகிறது. கோடையில்தான் எடுப்பார்கள், ஏனென்றால் அங்கே ரோடு மிக அதிகம் வழுக்கும் பருவம் அது. எண் எல்லைக்குக் கீழே போனால் அந்த இடத்தை ஆராய வேண்டும், தேவைப்பட்டால் வழுக்கும் என்று பலகை வைக்க வேண்டும்.

விமான ஓடுபாதைகளுக்கு இந்த ஒழுங்கு உலகம் முழுவதும் உண்டு. இந்தியாவிலும் உண்டு. இறங்கும் விமானங்களின் டயர் ரப்பர் தரையில் அப்பிக்கொள்வதால், கால இடைவெளியில் உராய்வை அளந்து, அந்த ரப்பரைச் சுரண்டி எடுக்கிறார்கள். அளவு குறைந்தால் விமானிகளுக்கு அறிவிப்பு போகும். மேலே பறக்கிறவருக்குத் தரையின் வழுக்கல் தெரிகிறது, டிவிஎஸ் எக்ஸெல்லில் வாழைத்தார் கட்டிக்கொண்டு போகிறவருக்குத் தெரிவதில்லை.

கல்லைப் பற்றி கொஞ்சம் விரிவாகப் பேச விரும்புகிறேன், ஏனென்றால் பிடிமானத்தின் பெரும்பகுதி குவாரியிலேயே முடிவாகிவிடுகிறது. எல்லாக் கல்லும் ஒரே மாதிரி தேயாது. சில கல்லில் கடினமான துகளும் மிருதுவான துகளும் கலந்திருக்கும். மிருதுவானது முதலில் தேய்ந்து, கடினமானது முனை நீட்டிக்கொண்டே இருக்கும். அது தேயத் தேயச் சொரசொரப்பைப் புதுப்பித்துக்கொள்ளும் கல். சுண்ணாம்புக்கல் அப்படியல்ல, முழுவதும் ஒரே மென்மை. டயர் பட்டுப் பட்டு கண்ணாடி ஆகிவிடும். நம் விருதுநகர் மாவட்டம் சுண்ணாம்புக்கல் கிடைக்கும் மாவட்டம். ஆலங்குளத்திலும் ஆர்.ஆர். நகரிலும் சிமெண்ட் ஆலைகள் வந்ததே அதனால்தான். சிமெண்டுக்கு உயர்ந்த கல், ரோட்டின் மேல் தட்டுக்கு உதவாது. நல்ல வேளையாக நம் பக்கம் கருங்கல்லுக்கும் பஞ்சமில்லை.

ஒரு கல் எவ்வளவு பளபளப்பாகும் என்பதை ரோடு போடும் முன்பே சோதிக்கலாம். ஜல்லித் துண்டுகளை வளைந்த சிறு அச்சுகளில் பதித்து, ஒரு சக்கரத்தின் விளிம்பைச் சுற்றிப் பூட்டுவார்கள். அதன்மேல் ரப்பர் டயர் ஒன்றை அழுத்தி ஓட்டுவார்கள். முதல் மூன்று மணி நேரம் கரடான எமரித் தூளும் தண்ணீரும், அடுத்த மூன்று மணி நேரம் மாவு போன்ற எமரி. லாரிகள் பல ஆண்டுகளில் செய்வதை ஆறு மணி நேரத்தில் செய்துவிடுகிறார்கள். பிறகு அதே ஊசலால் அளந்தால் வருவது பளபளப்புக் கல் மதிப்பு. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் விதிமுறைப்படி, மேல் தட்டுத் தார்க் கலவையின் ஜல்லிக்கு இது 55-க்குக் குறையக் கூடாது. விதி நன்றாகவே இருக்கிறது. ஒரு குவாரியின் மாதிரிக்கு ஒருமுறை வாங்கிய சான்றிதழ், வேறு முகத்தில் வெடித்த கல்லுக்கும் சேர்த்து ஓடுகிறதா என்பதை, கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் வேலைக்குப் போனபின் கவனிக்க வேண்டும்.

நம் ரோடுகளுக்கு வருவோம். சித்திரை, வைகாசியில் தார் அதிகம் சேர்ந்த இடங்களில் அது உருகி மேலே கசிந்துவிடும். ஜல்லி முகம் மூழ்கிப்போய், கறுப்பாக மினுங்கும் பட்டைகள் சக்கரத் தடத்தில் தெரியும். பார்க்கப் புது ரோடு போலவே இருக்கும். நனைந்தால் அந்த ரோட்டின் மிக மோசமான இடம் அதுதான். சூடாக இருக்கும்போதே கரடு மணலோ சிப்ஸ் ஜல்லியோ தூவி அழுத்துவது பழைய வைத்தியம், இன்றும் பலிக்கும். வெள்ளைப் பட்டைகளுக்கு மேல் பிரேக் பிடிக்காதீர்கள் என்று பைக் ஓட்டும் பிள்ளைகளிடம் தனியாகச் சொல்கிறேன். அந்தப் பெயிண்ட் உருக்கி ஊற்றிய பிளாஸ்டிக் வகை, கல்லின் முகத்தையே மூடிவிடும். ஊருக்குள் போடும் சிமெண்ட் ரோட்டில், ஈரமாக இருக்கும்போதே துடைப்பத்தால் குறுக்கே கோடு இழுக்க வேண்டும். மட்டப்பலகையால் வழித்து, பார்க்க அழகாக இருக்கிறது என்று விட்டுவிட்டால், ஐப்பசியில் பாசி பிடித்த பின் வயதானவர்கள்தான் முதலில் விழுவார்கள்.

அடுத்துச் சொல்லப்போவது உங்களில் சிலருக்குக் கோபம் வரவைக்கும். உழவு நேரத்தில் இரும்புக் கேஜ் வீல் மாட்டிய டிராக்டர் வயலிலிருந்து நேராகத் தார் ரோட்டுக்கு ஏறுகிறது. ஏறும் இடத்தில் தாரைக் கொத்திவிட்டு, சேற்றையும் உதிர்த்துவிட்டுப் போகிறது. காயும் வரை அது உராய்வே இல்லாத தரை. அறுவடை நேரத்தில் ரோட்டில் நெல் காய்கிறது, சோளக்கதிரும் உளுந்தஞ்செடியும் வண்டிச் சக்கரம் அடிக்கட்டும் என்று பரப்பிக் கிடக்கின்றன. தானிய மணி டயருக்கு அடியில் உருளும், ரப்பர் கல்லைத் தொடவே தொடாது. இதற்கு விவசாயியைத் திட்டி முடித்துவிடுவது எளிது, நான் அதைச் செய்யப் போவதில்லை. களம் இருந்த இடத்தில் வீடு வந்துவிட்டது, ஈர நெல்லுக்கு விலை குறைக்கிறார்கள், அவர் எங்கே போவார்? ஊருக்குப் போதுமான உலர்களம் கட்டுவதைச் சாலைப் பாதுகாப்புச் செலவாகவே எழுத வேண்டும் என்பது என் கட்சி.

சட்டத்திலும் ஒரு பிடி இருக்கிறது. 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 198ஏ பிரிவு, வடிவமைப்பு, கட்டுமானம், பராமரிப்புத் தரத்தைக் காக்கத் தவறி, அதனால் உயிர் போனாலோ உடல் ஊனம் ஏற்பட்டாலோ, பொறுப்பான அதிகாரியோ ஒப்பந்தக்காரரோ ஆலோசகரோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் கட்ட வேண்டும் என்கிறது. வழக்கில் நிரூபிக்க எண் வேண்டும். ரோடு வழுக்கியது என்று வாயால் சொன்னால் அது கருத்து. விபத்து நடந்த வாரத்தில் ஊசல் 32 காட்டியது என்றால் அது சாட்சி. போலீசார் இப்போது விபத்து விவரங்களை, சென்னை ஐஐடி உருவாக்கிய தரவுத்தள முறையில் செல்போனிலேயே பதிகிறார்கள். அந்தப் பதிவோடு, ஒரே இடத்தில் ஈரத்தில் திரும்பத் திரும்ப விழும் வளைவுகளில் மட்டுமாவது ஓர் ஊசல் அளவு சேரட்டும். மாவட்டத்துக்கு ஒரு கருவி போதும்.

அளந்து பார்த்து மோசம் என்று தெரிந்தால் என்ன செய்வது? முழு ரோட்டையும் பெயர்க்க வேண்டியதில்லை. பளபளத்த மேல் தட்டை மட்டும் சுரண்டிவிட்டு நல்ல ஜல்லியால் மெல்லிய தட்டு போடலாம். மிக ஆபத்தான சில பத்து மீட்டர்களுக்கு, எபாக்சி பசையில் சுட்ட பாக்சைட் துகள்களைப் பதிக்கும் முறை இருக்கிறது. லண்டனில் சிக்னல்களுக்கு முன்னால் அப்படிச் செய்து பலன் கண்டார்கள். விலை அதிகம், வளைவுக்கு மட்டும் செய்தால் தாங்கும். ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் பாக்சைட் வெட்டிய மாநிலம்தானே நாம்.

கருவி வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத ஒரு சோதனையும் உண்டு. பெருஞ்சொரசொரப்பை மணலாலேயே அளக்கலாம். நன்கு சலித்த உலர்ந்த நுண்மணல் 50 மில்லி. ரோட்டைத் துடைத்துவிட்டு ஒரே இடத்தில் கொட்டி, அடியில் ரப்பர் ஒட்டிய வட்டத் தகட்டால் வட்டமாகத் தேய்த்துப் பரப்ப வேண்டும். ஜல்லி இடுக்குகள் நிரம்பி, முனைகள் தெரியத் தொடங்கும்போது நிறுத்திவிட்டு, வட்டத்தின் குறுக்களவைப் பார்க்க வேண்டும். 25 சென்டிமீட்டர் வந்தால் சராசரி ஆழம் ஒரு மில்லிமீட்டர், தண்ணீர் வடியும் ரோடு. 35 சென்டிமீட்டருக்கு விரிந்துவிட்டால் ஆழம் அரை மில்லிமீட்டர்தான். நுண்சொரசொரப்பை இது சொல்லாது, அதற்கு ஊசல்தான் வேண்டும். ஆனாலும் எந்த வளைவை முதலில் கவனிக்க வேண்டும் என்று சொல்லிவிடும். புரட்டாசி கடைசியில், வடகிழக்குப் பருவமழை இறங்குவதற்கு முன்பு செய்தால் பயன் அதிகம்.

மணல், அளவுக் குடுவை, தகடு, ஸ்கேல் எல்லாம் இந்த மேசையில் இருக்கின்றன. நாளைக் காலை வெயில் ஏறும் முன் வரக்கூடிய பிள்ளைகள் கையைத் தூக்குங்கள். இரண்டு பேர் வண்டிகளை நிறுத்தச் சிவப்புத் துணியோடு நிற்க வேண்டும், ஒருவர் நோட்டில் எழுத வேண்டும். இரவு தூறல் போட்டால் மணல் ஒட்டிக்கொள்ளும், அன்று செய்ய முடியாது, அடுத்த ஞாயிறு பார்த்துக்கொள்ளலாம். கேள்விகள் இருந்தால் இப்போது கேளுங்கள்.